முழு லோடில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது: பாயிங்க் ஓட்டுபவர்கள் உதவவும்

சோமனூர்_தறி எழுதியது:

வணக்கமுங்க. வீட்டு டெஸ்க்டாப்பைப் பற்றி ஒரு சந்தேகம். ஐ5 8400 பிராசசர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, விண்டோஸ் 10. பகலில் நூல் வரவு, பீஸ் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் இதில்தான். வேலை இல்லாத நேரத்தில் பாயிங்க் ஓடும், அதாவது சும்மா இருக்கும் மெஷினின் சக்தியை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்கிற சாஃப்ட்வேர். அதில் வானத்தை ஆராயும் ஐன்ஸ்டைன்@ஹோம், புரதங்களை ஆராயும் ரொசெட்டா@ஹோம் இரண்டு திட்டத்திலும் சேர்ந்திருக்கிறேன்.

சித்திரை வெயில் ஏறியதிலிருந்து ஒரே தொல்லை. பாயிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கறுத்து, மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத் திரை வருவதில்லை. பாயிங்க்கை நிறுத்திவிட்டால் நாள் முழுக்க ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. திட்டங்கள் அனுப்பும் கணக்கு வேலைகளில் (டாஸ்க்) சில பாதியில் 'கம்ப்யூட்டேஷன் எரர்' என்று விழுந்துவிடுகின்றன. ஒரு கடையில் காட்டினேன். "அந்த சாஃப்ட்வேர்தான் மெஷினைக் கெடுக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்றார்கள்.

எனக்கு எடுக்க மனசில்லை. எங்கோ வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பல்சார் என்ற நட்சத்திரத்தைத் தேடும் கணக்கில் சோமனூர் மெஷின் ஒன்றும் சேர்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

பல்லடம்_ரோடு எழுதியது:

தொழிலுக்கு வைத்திருக்கும் மெஷினில் இதெல்லாம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி ரீஸ்டார்ட் ஆனால் டேட்டா ஃபைல் கெட்டுப்போகும். வேறு எதைச் செய்வதற்கு முன்னாலும் கணக்கு மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் எடுத்துத் தனியாக வையுங்கள்.

பெருந்துறை_சர்வீஸ் எழுதியது:

தம்பி, பல்லடம் நண்பர் சொன்ன பேக்கப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆனால் சாஃப்ட்வேர்தான் கெடுக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2002-ல் ஆரம்பித்த வேலை அது. உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் ஓடுகிறது. சும்மா கிடக்கும் கோர்களுக்கு முழு வேலை கொடுக்கிறது, அவ்வளவுதான். பேரிங் தேய்ந்த மோட்டார் சும்மா சுற்றும்போது சத்தம் காட்டாது, லோடு ஏறினால்தான் கத்தும். உங்கள் மெஷினில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு கோளாறைத்தான் பாயிங்க் வெளியே கொண்டுவருகிறது. பாயிங்க்கை எடுத்துவிட்டால் கோளாறு உள்ளேயே இருக்கும், என்றைக்காவது கணக்கு முடிக்கிற நாளில் வந்து நிற்கும்.

முழு லோடில் மட்டும் சாகிற மெஷின் என்றால் நான் சூட்டைப் பார்ப்பேன், அடுத்து கரண்டைப் பார்ப்பேன், அப்புறம்தான் ரேம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

இப்போதைக்கு எனக்குத் தெரிய வேண்டியவை: மெஷின் எந்த இடத்தில் இருக்கிறது? ஹெச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் என்ற சூடு காட்டும் புரோகிராமைப் போட்டு, பாயிங்க் ஓடும்போது பிராசசர் எத்தனை டிகிரி காட்டுகிறது? கரண்ட் நேராகச் சுவரிலிருந்து வருகிறதா, யூபிஎஸ் வழியாகவா, வீட்டு இன்வெர்ட்டர் வழியாகவா?

இன்னொன்று. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் கீழே சிஸ்டம் என்பதைப் பாருங்கள். மெஷின் செத்த நேரத்தில் 'கெர்னல்-பவர்', எண் 41 என்று ஒரு வரி இருக்கும். அதன் டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'பக்செக் கோட்' என்ன எண் காட்டுகிறது? 0 என்றால் விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் அறுந்திருக்கிறது, அல்லது மெஷின் அப்படியே உறைந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்து, நீங்கள் பார்ப்பதற்குள் போயிருக்கிறது. அதே பட்டியலில் 'டபிள்யூ.ஹெச்.இ.ஏ. லாகர்' என்ற பெயரில் ஏதாவது வரி இருந்தால் அதையும் எழுதுங்கள். அது பிராசசரோ ரேமோ தானே கொடுக்கிற புகார்.

முடிந்தால் பாயிங்க் மேனேஜரில் ஆக்டிவிட்டி மெனுவுக்குப் போய் ஜிபியூ (உங்கள் ஜிடிஎக்ஸ் கார்டு) வேலையை மட்டும் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். மறுநாள் பிராசசரை நிறுத்தி ஜிபியூவை மட்டும் ஓட விடுங்கள்.

சோமனூர்_தறி எழுதியது:

சரிங்கண்ணா, எல்லாம் பார்த்துவிட்டேன்.

மெஷின் இருக்கும் அறைக்குப் பக்கத்திலேயே தறிக்குடோன். நடுவில் ஒரு ஜன்னல், பெரும்பாலும் திறந்தே இருக்கும். பாயிங்க் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பிராசசர் 99, 100 டிகிரிக்குப் போய்விடுகிறது. 3.8 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி இரண்டு சொச்சத்துக்கு இறங்கி நிற்கிறது. கார்டு 70-க்குப் பக்கம்தான். பக்செக் கோட் எல்லா இடத்திலும் 0. லாகர் வரி எதுவும் இல்லை. கரண்ட் வீட்டு இன்வெர்ட்டர் வழியாக வருகிறது. ஜிபியூவை மட்டும் ஓட்டினால் ரீஸ்டார்ட் ஆகவில்லை. பிராசசரை மட்டும் ஓட்டினாலும் ஆகவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆகிறது.

திருப்பூர்_நிட் எழுதியது:

தறிக்குடோன் பக்கத்தில் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பனியன் கம்பெனி ஆபீஸ் மெஷின்களிலும் இதே கதைதான். வெளியூர்க்காரர்கள் தூசி என்று சொல்வது வேறு, நம்ம ஊர்ப் பஞ்சு வேறு. தூசி என்றால் ஊதினால் பறந்துவிடும். பஞ்சு இழை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணியாகவே படிந்துவிடும்.

பக்கக் கதவைத் திறந்து மேலாகப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேன் இறக்கையில் லேசாக அழுக்கு இருக்கும், அவ்வளவுதான். ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் அலுமினியத் தகடுகளுக்கு மேலே வட்டமாக, சாம்பல் நிறத்தில் ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். ஓரத்தை நகத்தால் நெம்பி இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். ஃபேன் எத்தனை வேகமாகச் சுற்றினாலும் காற்று அந்தப் படலத்தைத் தாண்டாது. நீங்கள் சொல்கிற 100 டிகிரிக்குக் காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

கம்பெனியோடு வந்த கூலர் என்றால் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் முளை இருக்கும். முளையின் தலையைத் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குப் புதுப் பேஸ்ட் வையுங்கள். திரும்ப மாட்டும்போது எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்கார வேண்டும். போர்டின் பின்பக்கம் நாலு முளையும் முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒன்று பாதியில் நின்றாலும் கூலர் சாய்ந்து நிற்கும், பேஸ்ட் புதுசாக இருந்தும் சூடு குறையாது.

கருமத்தம்பட்டி எழுதியது:

தறிக்கு அடிக்கிற கம்ப்ரசர் குடோனிலேயே இருக்குமே. ஏர் கன்னை வைத்து ஒரு அடி அடித்தால் போதும், எதற்குக் கழற்ற வேண்டும்?

பெருந்துறை_சர்வீஸ் எழுதியது:

கருமத்தம்பட்டி அண்ணா, கம்ப்ரசரை அப்படியே நேராக அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், அது காற்றோடு சேர்ந்து போர்டில் தெளிக்கும். காற்று பட்டு ஃபேன் தறிகெட்ட வேகத்தில் சுற்றினால் பேரிங் போவதோடு, அந்தச் சுழற்சியிலேயே ஒரு வோல்டேஜ் உண்டாகிப் போர்டுக்குத் திரும்பிப் போகும். அடித்தே ஆக வேண்டும் என்றால் டேங்க் தண்ணீரைத் திறந்து விட்டு, பிரஷரை நன்றாகக் குறைத்து, முதலில் வெறும் துணியில் அடித்து ஈரம் வருகிறதா என்று பார்த்து, ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று அடியுங்கள். அப்படியும் ஃபேனுக்கு அடியில் உள்ள படலம் போகாது. இன்னும் உள்ளேதான் இறங்கும். கழற்றத்தான் வேண்டும்.

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும். வெளியே இருந்து பிரஷ் போட்டால் போதும்.

தம்பிக்கு இன்னொரு விஷயம். சூட்டைச் சரிசெய்யுங்கள், அது அவசியம். ஆனால் ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் சூடு என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த பிராசசர் 100 டிகிரியில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும், உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. அதற்கும் மேலே போனால் மெஷின் அணையும். அணைந்தால் அணைந்தே கிடக்கும், பெரும்பாலும் தானாக எழுந்து வராது. உங்களுடையது உடனே எழுந்து வருகிறது. அதனால்தான் இன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்டேன்.

கோபி_டீச்சர் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே போல ஒரு வெசனம். என் மெஷின் ரீஸ்டார்ட் எல்லாம் ஆவதில்லை. ஒரு எரரும் காட்டாமல் டாஸ்க் முடிகிறது. ஆனால் ஐன்ஸ்டைன் தளத்தில் என் கணக்கைத் திறந்தால் அவ்வப்போது சிலவற்றுக்கு எதிரே 'இன்வாலிட்' என்று வருகிறது. என் மெஷின் தப்பான விடையை அனுப்பி யாருடைய ஆராய்ச்சியையாவது கெடுத்துக்கொண்டிருக்கிறதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நிறுத்திவிடுவதுதான் நியாயமா?

நொய்யல்கரை எழுதியது:

டீச்சர், ஆராய்ச்சியை நினைத்து வருத்தப்பட வேண்டாம். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான வீட்டு மெஷின்களை நம்பி நடக்கிற வேலை என்பதால், அதைக் கட்டியவர்கள் இதை முதலிலேயே யோசித்துவிட்டார்கள். ஐன்ஸ்டைனில் ஒரே வேலை பொதுவாக இரண்டு வேறு வேறு ஆட்களின் மெஷினுக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது மெஷினுக்குப் போகும். தப்பான விடை அங்கேயே தள்ளப்பட்டுவிடும். 2010-ல் இந்தத் திட்டத்தின் முதல் பல்சார் கிடைத்ததும் அப்படித்தான். அமெரிக்காவின் அயோவாவில் ஒரு வீட்டு மெஷினும் ஜெர்மனியில் ஒரு மெஷினும் ஒரே சிக்னலைக் காட்டின.

ஆனால் 'இன்வாலிட்' வருவது உங்கள் மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு அடையாளம். நீலத் திரை காட்டாமல் கணக்கு மட்டும் தப்பாகிறது என்றால் என் சந்தேகம் முதலில் ரேமின் மேல்தான். மெஷின் எழும்போது திறக்கிற செட்டிங் பக்கமான பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்று 'ஆன்' ஆகியிருக்கிறதா பாருங்கள். அது ரேமை அதன் சாதாரண வேகத்துக்கு மேலே ஓட்டுகிற ஏற்பாடு. அதை 'ஆஃப்' செய்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். அப்படியும் வந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து மெஷினை பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் அந்த ரேம் ஆகாது. 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும். நீங்கள் அந்த மெஷினில் சேமிக்கிற பிள்ளைகளின் மார்க் பட்டியலும் அதே ரேம் வழியாகத்தான் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சோமனூர்_தறி எழுதியது:

ஃபேனைக் கழற்றினேன். திருப்பூர் அண்ணன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. படலம் ஒரே வில்லையாக உரிந்து வந்தது. பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாக இருந்தது. சுத்தம் செய்து மாட்டிய பிறகு முழு லோடில் 76, 78-ஐத் தாண்டவில்லை. வேகமும் 3.8-லேயே நிற்கிறது. ஃபேன் சத்தம் பாதியாகிவிட்டது.

ஆனால் பெருந்துறை அண்ணன் சொன்ன மாதிரியே, பொழுதோட மறுபடி ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. பக்செக் கோட் 0.

பெருந்துறை_சர்வீஸ் எழுதியது:

சரி, இப்போது கரண்டுக்கு வருவோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வெளிக் கரண்ட் ஒரு கணம் அறுந்தாலும் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்து மெஷினைக் கொஞ்ச நேரம் தாங்கும். முழு லோடில் அந்த நேரம் 16, 17 மில்லி செகண்ட் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. பழைய, மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் அதுவும் இருக்காது. உங்கள் மெஷின் சும்மா இருக்கும்போது 40, 50 வாட்தான் இழுக்கும், அப்போது அதே கெப்பாசிட்டர் ரொம்ப நேரம் தாங்கும். பிராசசரும் கார்டும் சேர்ந்து ஓடினால் 150-ஐத் தாண்டிவிடும், தாங்கும் நேரம் அதற்கேற்பச் சுருங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் ரீஸ்டார்ட் ஆகிறது என்று நீங்களே கண்டுபிடித்தீர்களே, அதற்கு அர்த்தம் இதுதான்.

வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் செய்தது. மெயின்ஸிலிருந்து பேட்டரிக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஃபேன் நிற்காது, ஆனால் லோடில் இருக்கிற கம்ப்யூட்டர் செத்துவிடும். பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யூபிஎஸ்', மறுபக்கம் 'நார்மல்' அல்லது 'ஈகோ'. நார்மலில் மெயின்ஸ் வோல்டேஜ் 100-க்குப் பக்கம் விழுந்தாலும் அதையே உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் 180-க்குக் கீழே போனதுமே பேட்டரிக்கு மாறும், மாறுவதும் வேகமாக நடக்கும்.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா (சதுர அலைக் கரண்ட்), சைன் வேவா (மெயின்ஸ் போல வளைந்த அலை) என்றும் பாருங்கள். இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கும். அவற்றில் சில ஸ்கொயர் வேவை ஏற்காமல் அணைந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ரீஸ்டார்ட் ஆன நேரங்களை ஈவென்ட் வியூவரிலிருந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அந்த நேரத்தில் குடோனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று வீட்டில் கேளுங்கள். பிளக்கில் செருகுகிற வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி மெஷின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

காங்கயம்_மேட்டாங்காடு எழுதியது:

இதோடு எர்த்தையும் பாருங்கள். எங்கள் பக்கம் மானாவாரி மண், கோடையில் கட்டாந்தரையாகிவிடும். எர்த் குழி காய்ந்துபோனால் கம்பி இருந்தும் எர்த் இல்லாத மாதிரிதான். டப்பாவைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறதா? மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. பத்து, இருபது என்று காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். எங்கள் தோட்டத்துச் சாளையில் மாசி பிறந்ததிலிருந்து மழை விழும் வரைக்கும் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பாரு காலத்திலிருந்து உள்ள பழக்கம். அப்போது மோட்டாருக்காக ஊற்றினார்கள், இப்போது எனக்கு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து.

சோமனூர்_தறி எழுதியது:

நேரங்களை எழுதிப் பார்த்ததும் எங்கள் அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். எல்லாமே கரண்ட் போய் வந்த நேரம், இல்லாவிட்டால் டீ இடைவேளை முடிந்து தறிகள் மொத்தமும் ஒன்றாக எழும்புகிற நேரம். எங்கள் குடோன் மட்டுமில்லை, அதே டிரான்ஸ்ஃபார்மரில் அக்கம்பக்கத்துக் குடோன்களும் இருக்கின்றன. மீட்டரில் பார்த்தேன். 215-ல் இருந்தது 160-க்குச் சரிந்து திரும்ப ஏறுகிறது. லைட் மினுக்குவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகியதால் அதை நான் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொண்டதில்லை.

இன்வெர்ட்டர் சைன் வேவ்தான். சுவிட்ச் 'நார்மல்' பக்கம் இருந்தது, யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டேன். அதன் பிறகு தறி எழும்பும்போதும் கரண்ட் போனபோதும் மெஷின் அசையவில்லை. பாயிங்க் முழு லோடில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எர்த் ஒரு வோல்ட்டுக்கும் கீழே.

ஒரு குறை, இன்வெர்ட்டர் இப்போது அடிக்கடி 'டக் டக்' என்று பேட்டரிக்கு மாறுகிறது. பேட்டரி சீக்கிரம் போய்விடுமா?

பெருந்துறை_சர்வீஸ் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கு அது நல்லதில்லை. கம்ப்யூட்டருக்கு என்று தனியாக ஒரு லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் வாங்குங்கள். அதில் வோல்டேஜைச் சரிசெய்யும் ஏவிஆர் இருக்கும், 160-க்குச் சரிந்தாலும் பேட்டரியைத் தொடாமல் அதுவே ஏற்றிக் கொடுக்கும். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான், உங்களுக்கு அது போதும். அதை இன்வெர்ட்டர் லைனில் மாட்டாமல் நேர் மெயின்ஸில் மாட்டுங்கள். அப்புறம் இன்வெர்ட்டர் சுவிட்ச்சைப் பழையபடி நார்மலிலேயே விட்டுவிடலாம். எஸ்எம்பிஎஸ் மெஷினோடு வந்தது என்றால் அடுத்த முறை கையில் காசு இருக்கும்போது அதையும் மாற்றிவிடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாயிங்க்கில் 'பேட்டரியில் ஓடும்போது நிறுத்து' என்று ஒரு செட்டிங் உண்டு. லேப்டாப்பில் அது வேலை செய்யும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறியது டெஸ்க்டாப்புக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு முழு லோடில் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் காலையிலேயே கையால் 'சஸ்பெண்ட்' கொடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டேஷன் எரரும் வருகிறது என்றீர்களே, இந்தத் திடீர்ச் சாவுகள் நின்றபின் அது தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் ஆன்டிவைரஸைத்தான் சந்தேகப்பட வேண்டும். முழு வேகத்தில் ஓடும் புது ஃபைலைக் கண்டதும் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ காயின் தோண்டுகிற புரோகிராம் என்று நினைத்துப் பூட்டி வைத்துவிடும். சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்று மறைத்து வைத்த ஃபோல்டர் ஒன்று இருக்கும், அதற்குள் பாயிங்க் ஃபோல்டர். அந்த ஒன்றை மட்டும் ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். ஆன்டிவைரஸையே நிறுத்திவிடாதீர்கள்.

கோபி_டீச்சர் எழுதியது:

நொய்யல்கரை தம்பிக்கு நன்றி. எக்ஸ்எம்பியை 'ஆஃப்' செய்தும் ஒரு 'இன்வாலிட்' வந்தது. மெம்டெஸ்ட்டில் ஒரு ஸ்டிக்கில் சிவப்பு வரிகள். வாரண்டி இருந்ததால் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது பாயிங்க்கில் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற திட்டத்தையும் சேர்த்திருக்கிறேன். 2004-ல் ஐபிஎம் தொடங்கியது, இப்போது கனடாவின் டொரான்டோவில் உள்ள கிரெம்பில் ஆய்வு நிறுவனம் நடத்துகிறது. அதில் புற்றுநோய் அடையாளங்களைத் தேடும் வேலையை எடுத்திருக்கிறேன். எங்கள் அம்மாயி அந்த நோயில்தான் போனார். என்னால் ஆகக்கூடியது இவ்வளவுதான், ஆனால் இதை நிறுத்தாமல் செய்ய ஆசை.

கொடுமுடி_ஆற்றோரம் எழுதியது:

எல்லாம் சரிங்க, கரண்ட் பில்லைப் பற்றி யாருமே பேசவில்லையே? வீட்டில் இதனால்தான் பேச்சு வருகிறது.

நொய்யல்கரை எழுதியது:

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 170 வாட் மெஷின் 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 4 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட்டைத் தாண்டும். நமக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடிவிடும். ஏற்கெனவே ஃபிரிட்ஜ், கிரைண்டர், ஏசி என்று 300 ஓடுகிற வீட்டில் இது நேராக அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கும். வீட்டில் பேச்சு வருவது நியாயம்தான்.

நான் ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரைக்கும் மட்டும் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸில் தினசரி நேரம் குறிக்க இடம் இருக்கிறது. அப்படி ஓட்டினால் அதே மெஷினுக்கு 80 யூனிட் சொச்சம்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் ராத்திரி அறையும் குளிர்ந்துவிடும், மெஷினுக்கும் சுகம்.

இன்னும் குறைக்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக மாற்றுங்கள். பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கும் டர்போ நின்றுவிடும். வேகம் குறையும், ஆனால் சூடும் வாட்டும் அதைவிட நன்றாகவே இறங்கும். பாயிங்க்குக்குள் குறைப்பதென்றால் 'எத்தனை சதவீதக் கோர்கள்' என்பதைக் குறையுங்கள். 'எத்தனை சதவீத நேரம்' என்பதைத் தொடாதீர்கள். அது வேலையை விட்டுவிட்டு நிறுத்தி ஓட்டும், சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஈரோடு_காலேஜ் எழுதியது:

லேப்டாப்பில் ஓட்டலாமாண்ணா? ரொசெட்டா மட்டும்தான் போட்டிருக்கிறேன். 95 டிகிரி காட்டுகிறது. எட்டு ஜிபி ரேம். சில டாஸ்க் 'வெயிட்டிங் ஃபார் மெமரி' என்று நிற்கிறது.

பெருந்துறை_சர்வீஸ் எழுதியது:

ஓட்டலாம் தம்பி, பாதிக் கோர் மட்டும். ரொசெட்டா டாஸ்க்குகளுக்கு ரேம் நிறைய வேண்டும், எட்டு ஜிபியில் இரண்டு ஓடினாலே போதும் என்று வையுங்கள். ரொசெட்டா உருவான ஆய்வகத்தின் டேவிட் பேக்கருக்கு 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, புரத வடிவமைப்புக்காக. அதனால் ஆசை புரிகிறது, ஆனால் லேப்டாப் உன் படிப்புக்கு.

படுக்கையில் வைத்து ஓட்டாதே. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் என்றால் சார்ஜை 80 அல்லது 60 சதவீதத்தோடு நிறுத்துகிற செட்டிங் இருக்கிறதா என்று பார். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருவது போலத் தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அன்றைக்கே நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்று, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

மேட்டுப்பாளையம்_ஓய்வு எழுதியது:

பிள்ளைகள் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. 1999-ல் வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலைத் தேடும் செட்டி@ஹோம் வந்தபோது டயல்அப் கனெக்ஷனில் ஓட்டிய ஆள் நான். ஒரு வேலை இறங்கும் வரை போனை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பேன். அந்த வண்ண வண்ண ஸ்கிரீன்சேவரைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். 2020 மார்ச்சோடு அவர்கள் வேலை அனுப்புவதை நிறுத்தியபோது எனக்கு மனசே சரியில்லை.

இப்போது ஒரு பழைய கோர் 2 டியோ மெஷினைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டுக் கொடுத்தான் பேரன். பாயிங்க் நிறுவியாகிவிட்டது, ஆனால் எந்தத் திட்டத்தோடும் சேர மாட்டேன் என்கிறது. ஈவென்ட் லாக்கில் சர்ட்டிஃபிகேட் (தளத்தின் அடையாளச் சான்று) சரியில்லை என்று வருகிறது. நெட் வேலை செய்கிறது, ஆனால் பிரவுசரிலும் பாதித் தளங்கள் அதே எச்சரிக்கையைக் காட்டுகின்றன.

நொய்யல்கரை எழுதியது:

ஐயா, திரையின் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

மேட்டுப்பாளையம்_ஓய்வு எழுதியது:

2008, ஜனவரி 1.

நொய்யல்கரை எழுதியது:

அதுதான் காரணம். சர்ட்டிஃபிகேட் என்பது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று எழுதியது. உங்கள் மெஷின் 2008-ல் இருப்பதாக நினைப்பதால் எல்லாமே இன்னும் பிறக்காத சர்ட்டிஃபிகேட்டாகத் தெரிகிறது. போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமான பேட்டரி இருக்கும், சிஆர்2032. கைக்கடிகாரம் பழுது பார்க்கிற கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளினால் பழையது எழும்பி வரும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். பிறகு பயாஸில் தேதியையும் நேரத்தையும் சரியாகப் போட்டு, லினக்ஸில் நேரத்தை நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் ஐயா. அந்தக் காலத்துப் பிராசசர் ஒரு யூனிட் கரண்டுக்குச் செய்கிற வேலையைப் போலப் பல மடங்கு இன்றைய மெஷின் செய்துவிடும். அதனால் நாள் முழுக்க ஓட்ட வேண்டாம், நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு ஓடட்டும். ஐன்ஸ்டைனில் சேருங்கள், அதிலும் வானம்தான். ஸ்கிரீன்சேவரும் உண்டு.

மேட்டுப்பாளையம்_ஓய்வு எழுதியது:

பேட்டரி மாற்றியாயிற்று. தேதி நின்றது, சேர்ந்துவிட்டது. முதல் வேலை இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கெடு இரண்டு வாரம் கழித்துக் காட்டுகிறது, இந்த மெஷின் அதற்குள் முடிக்குமா?

நொய்யல்கரை எழுதியது:

முடிக்கும் ஐயா. ஆனால் நிறைய வேலையை இழுத்து வைத்துக்கொள்ள விடாதீர்கள். பிரிஃபரன்சஸில் 'குறைந்தது இத்தனை நாளுக்கான வேலையைச் சேமி' என்ற இடத்தில் 0.1 என்று போடுங்கள், கூடுதல் நாள் என்பதில் 0. மெஷினை அணைப்பதற்கு முன் டாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். கடைசியாக எப்போது செக்பாயின்ட் எழுதியது என்று அதில் இருக்கும். அதற்குப் பிறகு செய்த கணக்குதான் வீணாகும், மற்றது மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.